பக்கத்தில் ஆள் நின்றால் வரமாட்டேன் என்கிறது

கேள்வி: டாக்டர் சார், எனக்கு 26 வயது. தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டேலி கிளார்க் வேலை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்தில் ஆள் நின்றால் எனக்கு ஒன்னுக்கு வராது. அடிவயிறு முட்டிக்கொண்டிருக்கும், ஆனால் ஒரு சொட்டு இறங்காது. கதவு போட்ட கக்கூஸ் என்றாலும், வெளியே பேச்சுச் சத்தம் கேட்டால் போதும், நின்றுவிடும். இடம் சுத்தமாக இருந்தாலும் இப்படித்தான். வீட்டில் தனியாக இருக்கும்போது எந்தப் பிரச்சினையும் இல்லை. எட்டாவது படிக்கும்போது ஸ்கூல் டாய்லெட்டில் பசங்க பின்னால் நின்று "இன்னாடா, வரலையா?" என்று கத்திச் சிரித்தார்கள். அதிலிருந்து ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். அப்போது நாங்கள் இருந்தது லைன் வீடு. எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே கக்கூஸ். காலையில் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். இப்போது காலையில் கிளம்பினால் ராத்திரி வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. கொஞ்ச நாளாக யூரின் அடர் மஞ்சளாகப் போகிறது, எரிச்சலும் இருக்கிறது. நண்பன் திருப்பதிக்குக் கூப்பிட்டால் ஏதாவது பொய் சொல்லித் தட்டிக்கழிக்கிறேன். வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் வரப்போகிறது, அங்கே யூரின் கேட்பார்கள். வீட்டில் பெண்ணும் பார்க்கிறார்கள். கிட்னி போய்விடுமா? இது ஆண்மைக் குறைவா? மாத்திரை உண்டா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்:

தம்பி, நீங்கள் பயந்து கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு மீதியைப் படிக்க வேண்டாம். இது ஆண்மைக் குறைவு இல்லை. தாம்பத்தியத்துக்கோ குழந்தை பெறுவதற்கோ இதனால் தடை வராது. வீட்டில் தனியாக இருக்கும்போது தாராளமாக, முழுசாகப் போகிறது என்றால் உங்கள் சிறுநீர்ப்பையும் அதன் வழியும் ஒழுங்காகவே இருக்கின்றன என்று நம்ப நல்ல காரணம் இருக்கிறது. மற்றபடி ஆரோக்கியமாக இருக்கும் ஒருவருக்கு, சில மணி நேரம் அடக்கி வைத்ததால் மட்டும் கிட்னி போய்விடாது.

எனக்குக் கவலை தருவது நீங்கள் தண்ணீரை நிறுத்தியதுதான். யார்டில் இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே நிழல் இருக்காது. மே மாத மணலி வெயிலில், வியர்த்துக் கொட்டும் வேலையில், பகல் முழுக்க ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் இருந்தால் சிறுநீர் கெட்டியாகிவிடும். கல் உருவாவதும் கிருமித் தொற்று வருவதும் அப்படித்தான். வெயில் மயக்கத்துக்கும் அதுவே வழி. எரிச்சல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தள்ளிப்போடாமல் இந்த வாரமே ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். லேபில் டப்பாவை வாங்கிக்கொண்டு, காலையில் வீட்டிலேயே பிடித்து, உடனே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். தொற்று இருந்தால் அதற்கு மருந்து உண்டு. காய்ச்சல், நடுக்கம், இடுப்புக்கு மேலே முதுகில் வலி, சிறுநீரில் ரத்தம், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

தண்ணீரை நாளையிலிருந்தே ஆரம்பித்துவிடுங்கள். வேலையிடத்தில் போக முடியாதே, குடித்துவிட்டு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். யார்டில் கதவு போட்ட கழிப்பறை இருக்கிறதா, எந்த நேரத்தில் அங்கே ஆள் இருக்காது என்று பாருங்கள். டிரெய்லர்கள் வரிசையில் நிற்கும் நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் விட்டுவிட்டு, நடுவே காலியாக இருக்கும்போது போய் வாருங்கள். இது தற்காலிக ஏற்பாடு மட்டுமே. சிகிச்சை வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை உடம்பைக் காப்பாற்றிக்கொள்ள இது போதும்.

சரி, இது என்ன பிரச்சினை? மருத்துவத்தில் இதற்குப் பாருரெசிஸ் என்று பெயர். இங்கே சிறுநீர்க் கூச்சம் என்று சொல்லிக்கொள்வோம். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 நூல் இதைச் சமூகப் பதற்றம் என்ற வகையில் சேர்க்கிறது. அதாவது மேடையில் பேசப் பயப்படுவது, நாலு பேர் பார்க்கச் சாப்பிடத் தயங்குவது ஆகியவற்றின் உறவுக்காரன் இது. உங்களை மாதிரி இன்னொருவர் இருக்கவே மாட்டார் என்று நினைத்திருப்பீர்கள். 1954இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் 1,419 கல்லூரி மாணவர்களிடம் கேட்டபோது, 14.4 சதவீதம் பேர் ஒரு முறையாவது இந்த அனுபவம் நேர்ந்ததாகச் சொன்னார்கள். இந்தப் பெயரை வைத்ததும் அவர்கள்தான். உங்கள் அளவுக்குத் தீவிரமாக இருப்பவர்கள் அதில் சிறு பகுதிதான். ஆனாலும் யார்டில் உங்களோடு வேலை செய்பவர்களில் இன்னும் யாராவது தண்ணீர் குடிக்காமல் சமாளித்துக்கொண்டிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அவரும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

இன்னொரு ஆய்வையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1976இல் வெளியானது. ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் கழிப்பறையில், 60 பேருக்குச் சிறுநீர் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். தனியாக நின்றபோது சராசரியாக 4.9 விநாடி. ஒரு இடம் விட்டு ஆள் நின்றபோது 6.2 விநாடி. ஒட்டி அடுத்த இடத்திலேயே ஆள் நின்றபோது 8.4 விநாடி. அவர்களுக்கே தெரியாமல் கவனித்து அளந்தது சரியில்லை என்று பின்னால் கடுமையான விமர்சனம் எழுந்தது, எனக்கும் அப்படி அளந்ததில் உடன்பாடு இல்லை. ஆனால் அந்த எண்களைப் பாருங்கள். எந்தப் பிரச்சினையும் இல்லாத ஆண்களுக்கே பக்கத்தில் ஆள் வந்தால் தாமதம் ஆகிறது. உடம்பின் இயல்பே அது. உங்களுக்கு அந்தத் தாமதம் அளவுக்கு மீறி நீண்டுவிட்டது, அவ்வளவுதான்.

ஏன் நீள்கிறது என்பது புரிந்தால் பாதிப் பயம் போய்விடும். அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். சிறுநீர்ப்பையில் 150, 200 மில்லி சேர்ந்ததும் முதல் உணர்வு வரும். 400, 500 மில்லிவரை சாதாரணமாகத் தாங்கும். வெளியேற வேண்டுமானால் பையின் சுவரில் இருக்கும் தசை சுருங்க வேண்டும், அதே நேரத்தில் வாயிலில் இருக்கும் தசைகள் தளர வேண்டும். வாயில்கள் இரண்டு. உள்வாயில் நம் சொல் கேட்காது, அது தானியங்கி நரம்புகளின் பொறுப்பு. வெளிவாயிலை நாமே இறுக்கவும் தளர்த்தவும் முடியும். இந்த மூன்றையும் ஒருங்கிணைக்க மூளைத்தண்டில் ஒரு மையம் இருக்கிறது. பெரியவர்களுக்கு அது தன்னிச்சையாக வேலை செய்வதில்லை. 'இது சரியான இடம், இங்கே ஆபத்து இல்லை' என்று மேல்மூளை அனுமதி தந்தால்தான் வேலையை ஆரம்பிக்கும்.

இப்போது பின்னால் யாரோ வந்து நிற்கிறார். உங்கள் மனத்தில் எட்டாம் வகுப்பு பசங்க குரல் கேட்கிறது. மூளை அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் வகை ரசாயனங்கள் பாய்கின்றன. அவை உள்வாயிலை இறுக்கி, பையின் தசையைச் சுருங்கவிடாமல் தளர்த்திவிடும். வெளிவாயிலும் அதைச் சுற்றியுள்ள இடுப்புத்தளத் தசைகளும் நமக்குத் தெரியாமலே இறுகிக்கொள்ளும். ஓட வேண்டிய நேரத்தில் சிறுநீர் கழித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காக உடம்பு வைத்திருக்கும் ஏற்பாடு இது. அப்போது நீங்கள் 'சீக்கிரம் வா, ஜல்தி வா' என்று உள்ளுக்குள் கட்டளையிடுகிறீர்கள், முக்குகிறீர்கள். அவசரம் கூடினால் பயம் கூடுகிறது, பயம் கூடினால் இறுக்கம் கூடுகிறது. தூக்கத்தை நினைத்துப் பாருங்கள். 'இந்த நிமிடமே தூங்கு' என்று உத்தரவிட்டால் அது எப்போதாவது வந்திருக்கிறதா? இதுவும் அந்த வகைதான். உங்களுக்கு மனவுறுதி போதவில்லை என்பது இல்லை. மனவுறுதி செல்லாத இடத்தில் அதைப் போட்டு முட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்புறம் நீங்கள் வெளியே வந்துவிடுகிறீர்கள். உடனே ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் நோயை வளர்க்கிறது. 'தப்பித்து வந்ததால்தான் நல்லபடியாக இருக்கிறோம்' என்று மூளை கணக்குப் போடுகிறது. அடுத்த முறை இன்னும் முன்னதாகவே மணி அடிக்கிறது. முதலில் பள்ளிக் கழிப்பறை, பிறகு யார்டு, பிறகு திருப்பதிப் பயணம், இப்போது மெடிக்கலும் கல்யாணமும் என்று உங்கள் கடிதத்திலேயே அது பரவிய பாதை தெரிகிறது.

பள்ளியில் நடந்தது காரணமா என்றால், இருக்கலாம். பலருக்கு இது பள்ளி வயதில், வளரும் பருவத்தில்தான் ஆரம்பிக்கிறது. அப்படி ஒரு சம்பவமே நடக்காதவர்களுக்கும் வருகிறது. குணமாவதற்குக் காரணத்தைத் தோண்டி எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் வடசென்னையில் பிள்ளை வளர்க்கிறவர்களிடமும், இங்குள்ள பள்ளிகளில் வேலை பார்க்கிறவர்களிடமும் இதைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. பொதுக் கழிப்பறைக்கு வெளியே வாளியோடு நிற்கும்போது, உள்ளே இருப்பது ஒரு பிள்ளை என்றால் தயவுசெய்து கதவைத் தட்டாதீர்கள். வீடு சின்னது, வரிசை பெரியது, வேலைக்கு நேரமாகிறது, எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு நிமிடம் கொடுங்கள். பள்ளிகளில் ஆண் பிள்ளைகள் நிற்கும் இடத்திலும் நடுவே ஒரு தடுப்பு வையுங்கள். ஆண் பிள்ளைக்கு என்ன மறைவு என்று கேட்பது தவறு.

பெண்களுக்கும் இது வரும். ஆனால் பெண்கள் அடக்கி வைப்பதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு: கழிப்பறையே இல்லை, இருந்தால் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை. அதற்கு என் சிகிச்சை எதற்கு? கழிப்பறையைத்தான் சரிசெய்ய வேண்டும். இடம் சுத்தமாக, தாழ்ப்பாள் ஒழுங்காக இருந்தும், வெளியே ஆள் இருக்கிறது என்பதால் மட்டும் வரவில்லை என்றால்தான் சிறுநீர்க் கூச்சம்.

இனி சிகிச்சை. இதற்கு நன்றாக உதவுவது, படிப்படியாகப் பழகும் பயிற்சி. மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் எண்ணங்களைச் சரிசெய்யும் ஆலோசனையோடு சேர்த்து இதைக் கொடுப்பார்கள். இதற்கு உங்களுக்கு ஒரு ஆள் வேண்டும். தனியாகச் செய்ய முடியாதா என்று கேட்காதீர்கள். தனியாக இருந்தால்தான் உங்களுக்குப் பிரச்சினையே இல்லையே! திருப்பதிக்குக் கூப்பிடும் அந்த நண்பரிடம் சொல்லுங்கள். எப்படிச் சொல்வது என்று தயங்கினால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மச்சான், பக்கத்துல ஆள் இருந்தா எனக்கு யூரின் வராது. சின்ன வயசுல இருந்து இருக்கு. அதனாலதான் திருப்பதிக்கு வரமாட்டேன்னு சொன்னேன். டாக்டர் ஒரு பயிற்சி சொல்லியிருக்காரு, நீ கூட இருக்கணும்." இதுபோதும். அவர் முதலில் சிரிக்கலாம். கோபப்படாமல் இன்னொரு தடவை சொல்லுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்ன அன்றே பாரம் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன். கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம்தான் இந்தப் பிரச்சினையின் பெரும்பகுதி. நாமே சொல்லிவிட்டால் கண்டுபிடிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது.

முதலில் ஒரு தாளில், உங்களுக்கு எளிதான இடத்திலிருந்து மிகக் கடினமான இடம்வரை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். பயம் எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். கடினமானதில் ஆரம்பிக்கக் கூடாது. மூன்று, நான்கு மதிப்பெண் உள்ள இடத்தில் ஆரம்பியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் நண்பரை வரச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் மூன்று நான்கு டம்ளர் தண்ணீர் குடித்து, நன்றாக முட்டும்வரை காத்திருங்கள். அரைகுறையாக வரும்போது பயிற்சி செய்யாதீர்கள். அவசரம் அதிகமாக இருப்பது இங்கே உங்களுக்கு உதவி. நண்பர் கூடத்தில் உட்கார்ந்திருக்கட்டும். நீங்கள் போங்கள், வந்ததும் மூன்று நான்கு விநாடி விட்டுவிட்டு நிறுத்துங்கள். வெளியே வந்து சில நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி போங்கள். இந்த முறை நண்பர் கொஞ்சம் கிட்ட வரட்டும். பிறகு கதவுக்கு வெளியே. பிறகு கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டே. ஒரே தடவையில் எல்லாவற்றையும் கழித்துவிடாமல் நிறுத்தி நிறுத்திப் போவதால், ஒரு மணி நேரத்தில் பல தடவை பழக முடிகிறது. பயிற்சிக்கு மட்டும்தான் இந்த நிறுத்தல். மற்ற நேரங்களில் முழுசாகப் போய்விட வேண்டும்.

உங்களுக்கென்று ஒரு படி சேர்க்கிறேன். நண்பரைக் கதவைத் தட்டச் சொல்லுங்கள். முதலில் மெதுவாக, பிறகு லைன் வீட்டில் தட்டியது போலவே. "எவ்ளோ நேரம்பா?" என்று கேட்கட்டும். நீங்கள் "இருக்கேன்" என்று நிதானமாகப் பதில் சொல்லிவிட்டு அங்கேயே நில்லுங்கள். முதலில் வராது. பரவாயில்லை. இரண்டு மூன்று நிமிடம் நின்றும் வரவில்லை என்றால் முக்காமல் வெளியே வந்துவிடுங்கள். முந்தைய எளிய படியில் ஒரு தடவை போய்விட்டு, மறுபடி இதற்கு வாருங்கள். தட்டும் சத்தம் கேட்கும்போதே வர ஆரம்பிக்கும் நாள், உங்களுக்கு ஒரு பெரிய பூட்டு திறந்த நாள்.

வீட்டில் பழகிய பிறகு வெளியே வாருங்கள். உங்கள் பகுதியில் இப்போது மெட்ரோ வந்துவிட்டது. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர்வரை 2021இல் ஓட ஆரம்பித்ததே, அந்த நிலையங்களின் கழிப்பறைகள் இந்தப் பயிற்சிக்கு ஏற்றவை. பதினோரு மணி, மூன்று மணி என்று கூட்டம் இல்லாத நேரத்தில், முதலில் கதவு போட்ட அறையில், நண்பர் வெளியே கைகழுவும் இடத்தில் நிற்க. அப்புறம் நின்று போகும் இடத்தில், ஓரத்தில் நீங்கள், மறு ஓரத்தில் அவர். பிறகு ஒரு இடம் விட்டு, பிறகு ஒட்டி. அதன்பின் தெரியாத ஆள் வந்து போகும் நேரம். தியேட்டர் இடைவேளை, சென்ட்ரல் ஸ்டேஷன் எல்லாம் கடைசிப் படிகள். யார்டை அதற்கு முன்பே தொட்டுவிடலாம், ஏனென்றால் உங்களுக்குத் தினசரி வேண்டியது அதுதான். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் சில வாரங்களில் அசைவு தெரியும். சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். நடுவில் பின்னுக்குப் போகும் நாள்களும் வரும், ஒரு படி இறங்கி மறுபடி ஏற வேண்டியதுதான்.

இதோடு இன்னொன்றையும் செய்யுங்கள். சிறுநீர் வரும் உணர்வே இல்லாத நேரத்தில், வேண்டுமென்றே ஒரு பொதுக் கழிப்பறைக்குப் போய், ஒரு நிமிடம் சும்மா நின்றுவிட்டு, கை கழுவிக்கொண்டு வாருங்கள். வராமலே நின்றுவிட்டுத் திரும்புவதுதான் பயிற்சி. யாராவது திரும்பிப் பார்த்தார்களா, யாராவது கேட்டார்களா என்று கவனியுங்கள். அவரவர் ஜிப்பைப் போட்டுக்கொண்டு அவரவர் வழியே போவார்கள். நீங்கள் இத்தனை வருடம் பயந்த காட்சி நேரில் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். நான் வாயால் சொல்வதைவிட இது நன்றாகப் புரியவைக்கும்.

மூச்சுப் பிடிக்கும் முறை ஒன்றும் சிலருக்கு உதவுகிறது. மூச்சை முக்கால்வாசி வெளியே விட்டுவிட்டு, உள்ளே இழுக்காமல் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். பழகப் பழக முக்கால் நிமிடம்வரை போகலாம். அப்போது இடுப்புத்தளம் தானாகக் கீழே இறங்குவது போல ஒரு தளர்வு வரும், சிறுநீரும் இறங்கும். முதலில் வீட்டில் உட்கார்ந்தபடி, பத்து விநாடியில் தொடங்குங்கள். தலை சுற்றினால் விட்டுவிடுங்கள். இதய நோய், நுரையீரல் நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதை முயலக் கூடாது. மூச்சு முட்டினாலே பதறிப்போகிறவர்களுக்கும் இது ஏற்றதில்லை. எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் உறுதி தரமாட்டேன், ஆனால் பலித்தவர்களுக்குக் கையில் ஒரு சாவி கிடைத்த தைரியம் வருகிறது. குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தம் கேட்பது, போனில் ஏதாவது பார்ப்பது எல்லாம் ஆரம்பத்தில் பரவாயில்லை. பிறகு ஒவ்வொன்றாக விட்டுவிட வேண்டும்.

மாத்திரை கேட்டிருந்தீர்கள். இதைக் குணமாக்கும் மாத்திரை என்று ஒன்று கிடையாது. பதற்றம் வாழ்க்கையின் மற்ற இடங்களிலும் பரவியிருந்தால், சமூகப் பதற்றத்துக்குக் கொடுக்கும் மருந்துகளை மனநல மருத்துவர் யோசிப்பார். அது பயிற்சிக்குத் துணை, பயிற்சிக்கு மாற்று இல்லை. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக எதையும் கேட்டு வாங்காதீர்கள். முக்கியமாக நீர் மாத்திரை. அது பையை வேகமாக நிரப்பும், ஆனால் வாயிலைத் திறக்காது. உங்கள் வேதனைதான் அதிகமாகும். பீர் அடித்தால் தளர்ந்து வருகிறது என்று சிலர் அந்த வழியில் போகிறார்கள். அது இன்னொரு நோயைத் தேடிக்கொள்வது. இன்னொன்று பலருக்குத் தெரியாது. மூக்கடைப்புக்கும் சளிக்கும் போடும் மாத்திரைகள் பலவற்றில், சிறுநீர்ப்பையின் வாயிலை இறுக்கும் மருந்தோ பையின் தசையை மந்தமாக்கும் மருந்தோ இருக்கும். மெடிக்கல் அன்றும் பயணத்தன்றும் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

சிறுநீரக டாக்டரை ஒருமுறை பார்ப்பது நல்லது. ஆனால் அங்கே ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி ஸ்கேன் எடுப்பார்கள், பிறகு போய்விட்டு வரச் சொல்லி, மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று மறுபடி பார்ப்பார்கள். ஸ்கேன் சென்டரின் கழிப்பறைக்கு வெளியே நாலு பேர் காத்திருப்பார்கள், உங்களுக்குப் பாதிதான் போகும். 'மிச்சம் அதிகம், அடைப்பு இருக்கலாம்' என்று ரிப்போர்ட் வந்துவிடும். சிறுநீர் போகும் வேகத்தை அளக்கும் சோதனையிலும் இதே கதைதான். அதனால் ஆரம்பத்திலேயே டாக்டரிடம், "ஆள் இருந்தால் எனக்கு வராது, வீட்டில் சரியாகப் போகிறது" என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரி உங்களைத் தேவையில்லாத சோதனைகளிலிருந்து காப்பாற்றும். வீட்டில் தனியாக இருக்கும்போதும் வேகம் குறைவு, முக்க வேண்டியிருக்கிறது, சொட்டுச் சொட்டாகப் போகிறது என்றால் அது வேறு நோய், அதற்குரிய சோதனைகள் தேவைதான். வீட்டுக்கு வந்தும், தனியாக இருந்தும், அடிவயிறு வீங்கி வலித்து ஒன்றும் வரவில்லை என்றால் அது அவசரம். அங்கே இங்கே அலையாமல் நேரே ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், மெல்லிய குழாய் வைத்து எடுத்துவிடுவார்கள்.

மனநலப் பிரிவும் ஸ்டான்லியிலேயே இருக்கிறது, பழைய சிறைச்சாலை சாலைவரை போனால் போதும். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்கும் போகலாம். அந்தப் பெயரைக் கேட்டு ஒதுங்காதீர்கள், அங்கே வருகிறவர்களில் உங்களைப் போல வேலைக்குப் போய்க்கொண்டே சிகிச்சை எடுப்பவர்கள் நிறைய. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் பேசுங்கள். மத்திய அரசின் இலவச உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

கல்யாணத்தைத் தள்ளிப்போட இது காரணம் ஆகாது. நிச்சயமான பிறகு அந்தப் பெண்ணிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். பெரிய ரகசியம் மாதிரி இல்லாமல், எனக்கு இப்படி ஒரு கூச்சம் உண்டு, பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று. மாமியார் வீட்டில் முதல் முறை தங்கும்போது உங்கள் பக்கம் ஒருவர் இருப்பார்.

கடைசியாக மெடிக்கல். பயிற்சி கைகூடும் முன்பே தேதி வந்துவிட்டாலும் பதற வேண்டாம். சர்க்கரை, புரதம் பார்க்கும் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு யாரும் முன்னால் நின்று பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, கதவு போட்ட அறையில் பிடித்துக் கொடுக்கலாம். போதைப்பொருள் சோதனை என்றால்தான் ஆள் பக்கத்தில் நிற்க வாய்ப்பு உண்டு. உங்களுக்கு எது என்று முன்கூட்டியே ஏஜென்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் போக்குவரத்துத் துறை ஊழியர்களுக்கான போதைப்பொருள் சோதனை விதியிலேயே, சிறுநீர் வராதவருக்கு 3 மணி நேரம்வரை அவகாசமும், ஏறத்தாழ 1.2 லிட்டர்வரை குடிக்கத் தண்ணீரும் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. இப்படி ஒரு பிரச்சினை உண்டு என்பதை உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அன்று காலை சீக்கிரமே போங்கள். பதிவு செய்யும்போதே, "எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும், கதவு போட்ட அறை வேண்டும்" என்று சொல்லுங்கள். தண்ணீரை ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிக்காமல், வீட்டிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு போங்கள். அளவுக்கு மீறினால் ரத்தத்தில் உப்பு குறைந்து ஆபத்தாகும். ரத்தம், எக்ஸ்ரே எல்லாவற்றையும் முதலில் முடித்துக்கொண்டு, நன்றாக முட்டிய பிறகு டப்பாவை வாங்குங்கள். மனநல மருத்துவரிடம் சிகிச்சையில் சேர்ந்துவிட்டால், இந்தப் பிரச்சினை இருக்கிறது என்று ஒரு கடிதமும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அப்படியும் வரவில்லை என்றால், "மறுபடி எப்போது வந்து கொடுக்கலாம்?" என்று கேட்டு, வேறு நேரம் வாங்கிக்கொண்டு வாருங்கள்.